போதைப்பொருள் வழக்கில் ஜாமீன்: எப்போது கிடைக்கிறது, ஏன் மறுக்கப்படுகிறது?

ஒருவர் கஞ்சாவுடன் பிடிபட்டார் என்ற செய்தியைப் படிக்கும்போது, அவருக்கு ஜாமீன் கிடைக்குமா என்ற கேள்விக்குப் பாதி விடை அந்தச் செய்தியில் சொல்லப்படும் எடையிலேயே இருக்கிறது. 19 கிலோவுடன் பிடிபட்டவரும் 21 கிலோவுடன் பிடிபட்டவரும் ஒரே பேருந்தில், ஒரே நாளில், ஒரே காவல் குழுவால் கைது செய்யப்பட்டிருக்கலாம். ஆனாலும் முதலாமவர் சில மாதங்களில் நிபந்தனை ஜாமீனில் வீடு திரும்புவதும், இரண்டாமவர் வழக்கு நடக்கத் தொடங்குவதற்கு முன்பே ஆண்டுக்கணக்கில் சிறையில் இருப்பதும் இந்திய நீதிமன்றங்களில் சாதாரணமாக நடப்பவை. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது, அது எந்த இடத்தில் நியாயமாகவும் எந்த இடத்தில் கொடுமையாகவும் மாறுகிறது என்பதைச் சட்டம் படிக்காதவர்களுக்கும் புரியும்படி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஜாமீன் என்பது என்னவென்று பார்த்துவிடுவோம். ஜாமீன் கிடைத்தது என்றால் வழக்கிலிருந்து விடுதலை கிடைத்துவிட்டது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் வழக்கு அப்படியே இருக்கிறது, சாட்சிகள் வருவார்கள், தீர்ப்பு வரும், குற்றம் நிரூபிக்கப்பட்டால் தண்டனையும் உண்டு. தீர்ப்பு வரும் நாள்வரை குற்றம் சாட்டப்பட்டவர் எங்கே இருக்க வேண்டும், சிறையிலா வீட்டிலா என்பதை மட்டுமே ஜாமீன் உத்தரவு தீர்மானிக்கிறது. சாதாரணக் குற்ற வழக்குகளில் இதற்கு நீதிமன்றம் பார்ப்பவை சில எளிய விஷயங்கள்தாம்: இவர் தலைமறைவாகிவிடுவாரா, சாட்சிகளை மிரட்டுவாரா, ஆதாரங்களைக் கலைப்பாரா, மீண்டும் குற்றம் செய்வாரா, குற்றத்தின் தன்மை எவ்வளவு கடுமையானது. இந்த அச்சங்கள் இல்லையென்றால் ஜாமீன் கொடுப்பதே விதி, சிறையில் வைப்பது விலக்கு என்று உச்ச நீதிமன்ற நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் 1977-இல் வகுத்துச் சொன்னார். குற்றம் நிரூபிக்கப்படும்வரை ஒருவர் நிரபராதியே என்ற கோட்பாடும், உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் பாதுகாப்பளிக்கும் அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவும் இந்த விதிக்கு அடித்தளம்.

போதைப்பொருள் வழக்குகளில் இந்த விதி தலைகீழாகிறது. போதைப்பொருட்கள் மற்றும் உளவெறியூட்டும் பொருட்கள் சட்டம் 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தபோது, ஜாமீனைப் பொறுத்தவரை இன்றைய கடுமை அதில் இல்லை. கைதானவர்கள் சாதாரண விதிகளின்படி ஜாமீனில் வெளிவந்து மீண்டும் கடத்தலில் இறங்குகிறார்கள் என்ற காரணத்தைச் சொல்லி, 1989-இல் நாடாளுமன்றம் அச்சட்டத்தின் 37-ஆம் பிரிவைத் திருத்தியது. அந்தத் திருத்தம் பெரிய கடத்தல்காரரையும் சிறிய பொட்டலத்துடன் பிடிபட்ட பயனாளியையும் ஏறத்தாழ ஒரே கூண்டில் அடைத்தது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2001-இல் வந்த இன்னொரு திருத்தம்தான் எடையை வைத்துத் தண்டனையைப் பிரித்தது. 37-ஆம் பிரிவின் கடுமையான கட்டுப்பாட்டையும் வணிக அளவு எனப்படும் பெரிய அளவு தொடர்பான வழக்குகளுக்கும், 19 (உரிமம் பெற்ற அபின் விவசாயி அபினைக் கையாடுவது), 24 (இந்தியாவுக்கு வெளியே போதைப்பொருள் வணிகம் நடத்துவது), 27-ஏ (கடத்தலுக்கு நிதியளிப்பது, குற்றவாளிக்கு அடைக்கலம் தருவது) ஆகிய மூன்று பிரிவுகளின் கீழான குற்றங்களுக்கும் மட்டும் என்று சுருக்கியது.

எனவே எந்த வழக்காக இருந்தாலும் வழக்கறிஞர் முதலில் கேட்பது எடையைத்தான். சட்டம் மூன்று நிலைகளைச் சொல்கிறது: சிறு அளவு, வணிக அளவு, இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவு. இந்த எல்லைகள் பொருளுக்குப் பொருள் மாறும். கஞ்சாவுக்குச் சிறு அளவின் எல்லை 1 கிலோ, வணிக அளவின் எல்லை 20 கிலோ. ஹெராயினுக்கு அதுவே 5 கிராமும் 250 கிராமும். கோகைனுக்கு 2 கிராமும் 100 கிராமும், மெத்தபெட்டமைனுக்கு 2 கிராமும் 50 கிராமும். எம்.டி.எம்.ஏ. எனப்படும் மாத்திரைகளுக்கு அரை கிராமும் 10 கிராமும் மட்டுமே. ஆகவே சட்டைப் பையில் அடங்கிவிடும் ஒரு சிறு உறை சில சமயம் ஒரு மூட்டை கஞ்சாவைவிடக் கடுமையான வழக்காகிவிடும். இன்னொரு நுட்பமும் உண்டு: குறிப்பிட்ட எல்லைக்கு மேற்பட்டிருந்தால்தான் அது வணிக அளவு என்று சட்டம் சொல்வதால், சரியாக 20 கிலோ கஞ்சா வணிக அளவில் சேராது. இந்த ஒற்றைச் சொல்லை வைத்து ஜாமீன் பெற்றவர்கள் இருக்கிறார்கள்.

கஞ்சாவையே எடுத்துக்கொண்டால், சிறு அளவுக்கு அதிகபட்சம் ஓராண்டுச் சிறை அல்லது 10,000 ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும். இடைப்பட்ட அளவுக்குப் பத்தாண்டுவரை சிறையும் 1 லட்சம் ரூபாய்வரை அபராதமும். வணிக அளவுக்குக் குறைந்தபட்சமே பத்தாண்டு, அதிகபட்சம் இருபதாண்டு, அதோடு 1 லட்சம் முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதம். முதல் இரண்டு நிலைகளில் ஜாமீன் மனுவை நீதிமன்றம் ஏறக்குறைய சாதாரண அளவுகோல்களை வைத்தே பார்க்கிறது. முந்தைய வழக்குகள் இருந்தால் கடினம். இல்லையென்றால் புலனாய்வின் முக்கியக் கட்டம் முடிந்ததும் ஜாமீன் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. சிக்கல் முழுவதும் வணிக அளவில்தான் இருக்கிறது.

37-ஆம் பிரிவின் இரட்டை நிபந்தனை

வணிக அளவு வழக்கில் ஜாமீன் கேட்டால், முதலில் அரசு வழக்கறிஞருக்கு அதை எதிர்க்க வாய்ப்பளிக்க வேண்டும். அவர் எதிர்த்தால், நீதிபதி இரண்டு விஷயங்களில் மனநிறைவு அடைந்தாக வேண்டும்: குற்றம் சாட்டப்பட்டவர் அந்தக் குற்றத்தைச் செய்யவில்லை என்று நம்புவதற்கு நியாயமான காரணங்கள் உள்ளன என்பது ஒன்று; ஜாமீனில் இருக்கும்போது அவர் எந்தக் குற்றத்தையும் செய்ய வாய்ப்பில்லை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும்; ஒன்று இருந்து மற்றொன்று இல்லையென்றால் போதாது. சாதாரணச் சட்டத்தில் உள்ள கட்டுப்பாடுகளும் இவற்றோடு சேர்ந்துகொள்ளும். சிறப்பு நீதிமன்றத்துக்கு மட்டுமல்ல, உயர் நீதிமன்றத்துக்கும் இந்த நிபந்தனை பொருந்தும். கைதாவதற்கு முன் கேட்கும் முன்ஜாமீனும் இதிலிருந்து தப்ப முடியாது. 232.5 கிலோ கஞ்சா தொடர்பான தமிழ்நாட்டு வழக்கொன்றில், இந்த நிபந்தனைகளில் மனநிறைவு அடைந்ததாகப் பதிவு செய்யாமலேயே வழங்கப்பட்ட முன்ஜாமீனை 2024-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

முதல் நிபந்தனையைச் சற்று நின்று யோசித்துப் பாருங்கள். குற்றம் செய்தாரா இல்லையா என்பதைக் கண்டறியத்தான் விசாரணையே நடக்கிறது. அதற்கு முன்பே, ஒரு சாட்சிகூடக் கூண்டேறாத நிலையில், இவர் குற்றவாளி அல்ல என்று நம்பக் காரணம் காட்டு என்று சட்டம் கேட்கிறது. போதாக்குறைக்கு, பொருள் ஒருவரிடம் இருந்தது என்று காட்டப்பட்டாலே அவர் குற்றம் செய்ததாக அனுமானிக்கவும், அவருக்குக் குற்ற மனம் இருந்ததாகக் கொள்ளவும் இதே சட்டத்தின் 54, 35 ஆகிய பிரிவுகள் இடமளிக்கின்றன. இரண்டாவது நிபந்தனையோ எதிர்காலத்தைப் பற்றியது. ஒருவர் இனி எந்தக் குற்றமும் செய்யமாட்டார் என்பதை யாரால் நிரூபிக்க முடியும்? நடைமுறையில் நீதிமன்றங்கள் இதற்கு அவருடைய முந்தைய வழக்குகளின் பட்டியலைத்தான் பார்க்கின்றன. பட்டியல் காலியாக இருந்தால் இந்த நிபந்தனை ஓரளவு எளிதாகிறது.

இந்தப் பிரிவை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினால் ஜாமீனே சாத்தியமில்லாமல் போகும் என்பதை உச்ச நீதிமன்றமே உணர்ந்திருக்கிறது. ஏழாண்டுகளுக்கு மேல் விசாரணைக் கைதியாக இருந்த ஒருவரின் வழக்கில், நீதிபதிகள் எஸ். ரவீந்திர பட், தீபாங்கர் தத்தா அடங்கிய அமர்வு 2023 மார்ச் மாதம் அதைத் தெளிவாகச் சொன்னது. நீதிமன்றம் செய்ய வேண்டியது, கையிலுள்ள ஆவணங்களை மேலோட்டமாகப் பார்த்து, குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளி அல்லாமல் இருக்க நியாயமான வாய்ப்பு தெரிகிறதா என்று காண்பதே; தீர்ப்பெழுதும் அளவுக்கு ஆராய்வது அல்ல. இந்த விளக்கம் இல்லாவிட்டால் 37-ஆம் பிரிவு தண்டனைக்கு முந்தைய தண்டனையாகவே ஆகிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

ஆவணங்களில் எதைத் தேடுகிறார்கள்?

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒடிசாவிலிருந்து வரும் ரயிலின் பொதுப் பெட்டியில், இருக்கைக்கு அடியில் இருந்த ஒரு பையில் 24 கிலோ கஞ்சா இருந்தது. அந்த இருக்கையில் அமர்ந்திருந்த இளைஞர் கைது செய்யப்பட்டார். அவருடைய வழக்கறிஞர் ஜாமீன் மனுவில் என்னென்ன கேட்பார்?

முதல் கேள்வி, பை யாருடையது என்பது. பொதுப் பெட்டியில் ஒரு பை ஒருவரின் காலடியில் இருந்தது என்பது மட்டும் அவர் அறிந்தே அதை வைத்திருந்தார் என்பதற்குப் போதுமா? பயணச்சீட்டு, பையில் இருந்த துணிமணிகள், செல்பேசித் தொடர்புகள், அருகில் இருந்தவர்களின் வாக்குமூலம் ஆகியவை இங்கே முக்கியமாகின்றன.

இரண்டாவது கேள்வி எடையைப் பற்றியது. சட்டத்தின்படி கஞ்சா என்பது கஞ்சாச் செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிப்பகுதி; நுனிப்பகுதி இல்லாமல் தனியே இருக்கும் விதைகளும் இலைகளும் கஞ்சாவில் சேரா. கைப்பற்றியதைப் பதிவுசெய்யும் மகஜரில் தண்டு, இலை, விதை, சாக்குப் பை எல்லாவற்றையும் சேர்த்து 24 கிலோ என்று எழுதியிருந்தால், நுனிப்பகுதியின் எடை மட்டும் எவ்வளவு என்ற கேள்வி எழுகிறது. எடை எல்லைக்கு மிக அருகில் இருக்கும் வழக்குகளில் இந்த வாதம் உயர் நீதிமன்றங்களில் பலமுறை எடுபட்டிருக்கிறது. 60 கிலோ, 100 கிலோ என்று இருந்தால் இது பெரிதாக உதவாது. பொடியாகக் கலந்து விற்கும் பொருட்களில் நிலைமை வேறு: தூய போதைப்பொருளின் எடையை மட்டும் பார்க்க வேண்டும் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை, 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு மாற்றிவிட்டது. கலப்படப் பொருளையும் சேர்த்து மொத்த எடையே கணக்கு என்பதுதான் இன்றைய சட்டம்.

மூன்றாவது, சோதனை நடந்த முறை. ஒருவரின் உடலைச் சோதிக்கும் முன், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி அல்லது நீதித்துறை நடுவர் முன்னிலையில் சோதிக்கப்படும் உரிமை அவருக்கு உண்டு என்பதைத் தெரிவிக்க வேண்டும் என்று 50-ஆம் பிரிவு சொல்கிறது. 1999-இல் பல்தேவ் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு இது கட்டாயக் கடமை என்று தீர்ப்பளித்தது. ஆனால் நம் உதாரண இளைஞருக்கு இது பெரும்பாலும் பயன்படாது. பையிலோ வாகனத்திலோ கிடைத்த பொருளுக்கு 50-ஆம் பிரிவு பொருந்தாது என்பது நிலைத்துவிட்ட கருத்து. குடும்பத்தினர் இதை அறியாமல், சோதனையின்போது நடுவர் இல்லை என்ற ஒரே காரணத்தை நம்பிக் காத்திருப்பது உண்டு.

மாதிரி எடுப்பதிலும் விதிகள் இருக்கின்றன. கைப்பற்றிய பொருளின் மாதிரியை நடுவர் முன்னிலையில் எடுத்துச் சான்றளிக்க வேண்டும் என்பது 52-ஏ பிரிவு. இந்த நடைமுறை பிசகினால் விசாரணையில் அரசுத் தரப்பு பலவீனமடையலாம். எனினும் அந்தப் பிசகு மட்டுமே ஜாமீனுக்குக் காரணமாகாது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. விசாரணையில் வெல்லும் வாதம் எல்லாம் ஜாமீனில் வெல்லும் வாதம் அல்ல என்பதற்கு இது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

பொருள் எதுவும் கையில் கிடைக்காமல், பிடிபட்ட இன்னொருவர் பெயரைச் சொன்னதால் மட்டும் சேர்க்கப்பட்டவர்களின் நிலை வேறு. முன்பெல்லாம் போதைப்பொருள் கட்டுப்பாட்டுப் பிரிவு, வருவாய்ப் புலனாய்வு இயக்ககம் போன்ற மத்திய அமைப்புகளின் அதிகாரிகள் 67-ஆம் பிரிவின் கீழ் எழுதி வாங்கும் ஒப்புதல் வாக்குமூலமே பலரைச் சிறையில் வைக்கப் போதுமானதாக இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற தூஃபான் சிங் வழக்கில், 2020 அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் இதை மாற்றியது. இந்த அதிகாரிகள் காவல்துறை அதிகாரிகளுக்கு நிகரானவர்களே. எனவே அவர்களிடம் கொடுக்கப்படும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றத்தை நிரூபிக்கும் சாட்சியமாகப் பயன்படுத்த முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அத்தகைய வாக்குமூலங்களைத் தவிர வேறு உறுதியான ஆதாரம் இல்லாதவர்களுக்கு அளிக்கப்பட்ட ஜாமீனை 2022-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. வாக்குமூலத்தோடு பணப் பரிமாற்றம், தொலைபேசிப் பதிவுகள், கண்காணிப்புக் கேமரா காட்சிகள் ஆகியவை சேர்ந்திருந்தால் கதை மாறிவிடும்.

எடை எதுவாக இருந்தாலும் 37-ஆம் பிரிவின் பிடியில் சிக்க வைக்கும் ஒரு குற்றச்சாட்டு உண்டு; அது 27-ஏ, அதாவது சட்டவிரோதக் கடத்தலுக்கு நிதியளித்தல், குற்றவாளிக்கு அடைக்கலம் தருதல். ஒருவர் தன் துணைக்காகச் சிறிதளவு போதைப்பொருள் வாங்கப் பணம் கொடுத்ததைக்கூட நிதியளித்தல் என்று வழக்கில் சேர்ப்பது நடந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஒரு வழக்கில் 2020 அக்டோபரில் பம்பாய் உயர் நீதிமன்றம், குறிப்பிட்ட ஒரு கொள்முதலுக்குப் பணம் கொடுப்பது கடத்தலுக்கு நிதியளிப்பதாகாது என்று விளக்கி ஜாமீன் வழங்கியது. குற்றப்பத்திரிகையில் எந்தப் பிரிவு எழுதப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் பார்த்து நம்பிக்கை இழக்காமல், அந்தப் பிரிவுக்குத் தேவையான செயல் உண்மையில் நடந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதை இந்தத் தீர்ப்பு காட்டுகிறது.

கெடு தவறினால்

இதுவரை சொன்னவை வழக்கின் பலம் பலவீனம் சார்ந்தவை. அவற்றோடு எந்தத் தொடர்பும் இல்லாத, சட்டம் தானாகவே தரும் இன்னொரு ஜாமீன் இருக்கிறது. புலனாய்வைக் குறித்த நாட்களுக்குள் முடித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், ஜாமீனுக்கு ஆயத்தமாக உள்ள கைதியை விடுவித்தே ஆக வேண்டும். சாதாரண வழக்குகளில் இந்தக் கெடு குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாட்கள். வணிக அளவு போதைப்பொருள் வழக்குகளிலும் 19, 24, 27-ஏ பிரிவு வழக்குகளிலும் இது 180 நாட்கள். அந்த 180 நாட்களையும் ஓராண்டுவரை நீட்டிக்கலாம். ஆனால் அதற்கு அரசு வழக்கறிஞர், புலனாய்வு எதுவரை வந்திருக்கிறது, கைதியை இன்னும் ஏன் காவலில் வைக்க வேண்டும் என்ற குறிப்பான காரணங்களைத் தம் அறிக்கையில் சொல்ல வேண்டும். புலனாய்வு அதிகாரியின் கோரிக்கையை அப்படியே வழிமொழிவது போதாது, கைதி தரப்புக்கும் அறிவிப்பு கொடுக்க வேண்டும் என்று 2009-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இந்த உரிமையை நெருங்கிப் பார்க்கச் சென்னை வழக்கொன்றே போதும். 2018 ஆகஸ்ட் 4 அன்று கைதான ஒருவருக்கு 180 நாள் கெடு 2019 ஜனவரி 31 அன்று முடிந்தது. மறுநாள், அதாவது 181-ஆம் நாள், அவர் சிறப்பு நீதிமன்றத்தில் ஜாமீன் மனு தாக்கல் செய்தார். மனு நிலுவையில் இருக்கும்போதே புலனாய்வு அமைப்பு அவருக்கு எதிராக, குற்றப்பத்திரிகைக்கு இணையான கூடுதல் புகார் மனுவைத் தாக்கல் செய்தது. சிறப்பு நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2020 அக்டோபர் 26 அன்று, தூஃபான் சிங் தீர்ப்பு வந்த அதே வாரத்தில், உச்ச நீதிமன்றம் ஜாமீனை மீட்டுக் கொடுத்தது. கெடு முடிந்து மனுவும் கொடுத்துவிட்டால் உரிமை கைக்கு வந்துவிட்டது. அதன்பின் அவசரமாகத் தாக்கல் செய்யப்படும் குற்றப்பத்திரிகையோ, நீதிமன்றம் முடிவெடுக்க எடுத்துக்கொண்ட நேரமோ அதைப் பறிக்க முடியாது என்று அத்தீர்ப்பு சொல்கிறது.

இதில் அடங்கியுள்ள எச்சரிக்கை முக்கியமானது. கெடு முடிந்த பிறகும் மனு கொடுக்காமல் இருந்து, அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால் உரிமை போய்விடும். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத கைதி, நாட்களை எண்ணத் தெரியாத குடும்பம், தேதியைக் கவனிக்காத வழக்கறிஞர் என்று ஏதேனும் ஒன்று போதும், சட்டம் தானாகத் தந்த ஜாமீன் ஒரே நாளில் நழுவிவிட. வணிக அளவு வழக்கில் கைதானவரின் குடும்பம் ரிமாண்ட் செய்யப்பட்ட தேதியை எழுதிவைத்து 180 நாட்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும் என்பதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

ஆண்டுகள் ஓடிவிட்டால்

குற்றப்பத்திரிகை நேரத்தில் வந்துவிட்டது, ஆதாரமும் வலுவாகத் தெரிகிறது, ஆனால் விசாரணை மட்டும் நகரவில்லை என்றால் என்ன செய்வது? 37-ஆம் பிரிவைப் பற்றிய இன்றைய விவாதத்தின் உயிர்நாடி இதுதான்.

1994-இல் உச்ச நீதிமன்றத்தின் சட்ட உதவிக் குழு தொடர்ந்த வழக்கில், விசாரணைக் கைதிகள் தங்களுக்கு விதிக்கப்படக்கூடிய தண்டனையில் பாதிக் காலத்தைக் கழித்திருந்தால், குறைந்தபட்சத் தண்டனை பத்தாண்டாக உள்ள குற்றங்களில் ஐந்தாண்டைக் கழித்திருந்தால், நிபந்தனைகளுடன் விடுவிக்கலாம் என்று நீதிமன்றம் வழிகாட்டியது. சிறப்பு நீதிமன்றங்கள் போதாமல் வழக்குகள் தேங்கிக் கிடந்த அன்றைய நிலைமைக்காகச் சொல்லப்பட்ட தீர்வு அது. 2021-இல் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்ட வழக்கொன்றில், சட்டம் ஜாமீனுக்கு எவ்வளவு தடை விதித்தாலும், விசாரணை உரிய காலத்தில் முடியாது என்றால் 21-ஆம் பிரிவின் அடிப்படையில் அரசியலமைப்பு நீதிமன்றங்கள் ஜாமீன் தரலாம் என்று மூன்று நீதிபதிகள் அமர்வு கூறியது. 2023 ஜூலையில் ஒடிசாவின் கஞ்சா வழக்கொன்றில் இதையே உச்ச நீதிமன்றம் போதைப்பொருள் சட்டத்துக்கும் பொருத்தியது. மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தவருக்கு ஜாமீன் வழங்கிய அமர்வு, நீண்டகாலச் சிறைவாசம் 21-ஆம் பிரிவு தரும் மிக உயர்ந்த உரிமைக்கே எதிரானது; அப்படிப்பட்ட சூழலில் 37-ஆம் பிரிவின் தடையைவிடத் தனிமனித சுதந்திரமே மேலோங்க வேண்டும் என்றது.

எல்லா அமர்வுகளும் இப்படிச் சொல்வதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சிறையில் கழித்த காலமும், குற்றப்பத்திரிகை தாக்கலாகி விசாரணை தொடங்கிவிட்டது என்பதும் மட்டுமே ஜாமீனுக்குப் போதுமான காரணங்களல்ல என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் மற்றோர் அமர்வு ஒரு ஜாமீனை ரத்து செய்தது. ஆகவே ஒரே மாதிரியான வழக்கில் ஒருவருக்குக் கிடைப்பது இன்னொருவருக்குக் கிடைக்காமல் போகிறது. என்னைக் கேட்டால், தாமதத்துக்குக் கைதி காரணமல்ல எனும்போது அதன் விலையை அவர்மீது சுமத்துவதற்கு எந்த நியாயமும் இல்லை. சாட்சியாக வர வேண்டிய அதிகாரிகள் இடமாற்றம் பெற்று வராமல் இருப்பதும், ஆய்வக அறிக்கை தாமதமாவதும், நீதிபதிப் பணியிடம் காலியாக இருப்பதும் சிறைக்குள் இருப்பவரின் கையில் இல்லை. போதைப்பொருளால் சிதைந்த குடும்பங்களின் கோபம் எனக்குப் புரிகிறது. அந்தக் கோபத்துக்கு விடை விரைவான விசாரணைதானே தவிர, விசாரணையே இல்லாத சிறைவாசம் அல்ல.

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆம் பிரிவும் இங்கே கவனத்துக்குரியது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்க முடியாத குற்றங்களில், அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தைக் கழித்த விசாரணைக் கைதிக்கும், இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவராக இருந்தால் மூன்றில் ஒரு பங்கைக் கழித்தவருக்கும் ஜாமீன் வழங்க அது வழிசெய்கிறது. ஆனால் வணிக அளவு கஞ்சா வழக்கில் அதிகபட்சத் தண்டனை இருபதாண்டு என்பதால் மூன்றில் ஒரு பங்கு என்பதே ஆறு ஆண்டு எட்டு மாதம். அதோடு, ஒருவர்மீது ஒன்றுக்கு மேற்பட்ட குற்றங்களோ வழக்குகளோ நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை என்ற விலக்கும் சேர்க்கப்பட்டிருக்கிறது. இத்தனை ஆண்டுகளைக் கழித்துவிட்டு விடுதலையானால், நிரபராதி என்ற தீர்ப்பு அவருக்கு எதைத் திருப்பித் தரும்?

உத்தரவுக்குப் பிறகு

ஜாமீன் உத்தரவு வந்த அன்றே சிறைக் கதவு திறந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. சொந்தப் பிணைப் பத்திரமும், பெரும்பாலும் இரண்டு நபர்களின் ஜாமீனும் கொடுக்க வேண்டும். ஜாமீன்தாரர்களின் ஆதார், சொத்து வரி ரசீது அல்லது பட்டா போன்றவற்றை நீதிமன்றம் சரிபார்க்கும். சொந்த ஊரிலிருந்து தொலைவில் கைதான கூலித் தொழிலாளிகள் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள். ஏழைக்குப் பெருந்தொகையை நிபந்தனையாக்குவதும், வேறு மாவட்டத்தைச் சேர்ந்தவர் என்பதற்காக ஜாமீன்தாரரை மறுப்பதும் தவறு என்று 1978-இலேயே உச்ச நீதிமன்றம் கண்டித்திருந்தும் இந்தச் சிரமம் தீரவில்லை. அதன்பின் வாரந்தோறும் காவல் நிலையத்தில் கையெழுத்திடுதல், பாஸ்போர்ட்டை ஒப்படைத்தல், ஊரைவிட்டுச் செல்லாதிருத்தல் போன்ற நிபந்தனைகள் வரும். மீறினால் ஜாமீன் ரத்தாகும். நிபந்தனைகளுக்கும் எல்லை உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் எங்கே இருக்கிறார் என்பதைக் கூகுள் மேப்ஸில் குறித்துப் புலனாய்வு அதிகாரிக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்தரங்க உரிமையைப் பாதிக்கிறது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது.

தமிழ்நாட்டில் இன்னொரு தடையும் உண்டு. பொதுவழக்கில் குண்டர் சட்டம் என்று அழைக்கப்படும் 1982-ஆம் ஆண்டின் சட்டம் போதைப்பொருள் குற்றவாளிகளையும் உள்ளடக்கியது. அதன்கீழ் ஓராண்டுவரை தடுப்புக் காவலில் வைக்கலாம். கஞ்சா வழக்கில் ஜாமீன் கிடைக்கும் என்று தெரிந்தவுடன் இந்த உத்தரவு பாய்வதைப் பார்க்கிறோம். தடுப்புக் காவலுக்கு ஜாமீன் மனு பொருந்தாது; தடுப்புக் காவல் சரியா என்று ஆராயும் அறிவுரைக் கழகத்தின் முன் முறையிடுவதும், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்வதுமே வழி. ஜாமீனில் வெளிவருவார் என்ற அச்சத்தைக் காரணம் காட்டும் உத்தரவில், அதற்கான ஆதாரத்தையும் காட்ட வேண்டும் என்று 2011-இல் தமிழ்நாட்டு வழக்கொன்றிலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

ஜாமீன் மனு முதலில் செல்வது பெரும்பாலும் மாவட்டத்துக்குரிய போதைப்பொருள் தடுப்புச் சிறப்பு நீதிமன்றத்துக்கு. அங்கே மறுக்கப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்கும், பின்னர் உச்ச நீதிமன்றத்துக்கும் செல்லலாம். ஒருமுறை மறுக்கப்பட்டாலும், சாட்சி விசாரணையில் மாற்றமோ நீண்ட தாமதமோ ஏற்பட்டிருந்தால் அதைக் காட்டி மறுபடியும் மனு செய்யத் தடையில்லை. வழக்கறிஞருக்குச் செலவிட இயலாதவர்கள் அறிய வேண்டியது ஒன்று உண்டு: காவலில் உள்ள எவரும், வருமானம் எவ்வளவாக இருந்தாலும், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி இலவச வழக்கறிஞர் பெறும் உரிமை உடையவர். சிறையில் உள்ள சட்ட உதவி மையத்திலோ, நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ விண்ணப்பிக்கலாம். 15100 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம். விண்ணப்பத்தில் வழக்கின் எண், ரிமாண்ட் செய்யப்பட்ட தேதி, கைப்பற்றிய பொருள், அதன் எடை ஆகிய நான்கையும் எழுதிவிட்டால், எந்த வழியில் ஜாமீன் கேட்கலாம் என்பதை நியமிக்கப்படும் வழக்கறிஞர் முதல் நாளிலேயே கணக்கிடத் தொடங்கலாம்.